நாலடி உயரத்தில் பிளக் பாயிண்ட்

அரசு அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தால் மூன்று நாட்களுக்குள் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். முடியவில்லை என்றால், ஏன் முடியவில்லை என்பதையாவது அந்த ஒரு மாதத்துக்குள் எழுத வேண்டும். கண்காணிப்பாளராக ஓய்வு பெறும் வரை இந்த விதியை நான் பலருக்கு நினைவூட்டியிருக்கிறேன். எனக்குப் பிறர் நினைவூட்டிய சந்தர்ப்பங்களும் உண்டு; அவற்றை விட்டுவிடலாம்.

வீடு விற்பவர்கள் விளம்பரம் போடும் இணையதளத்தில் விற்பவருக்குச் செய்தி அனுப்ப ஒரு பெட்டி இருக்கிறது. அந்தப் பெட்டிக்கு இந்த விதி பொருந்தாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், வைகாசி மாதம் அதற்குள் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு கடிதத்தைப் போட்டுவிட்டு நாட்களை எண்ணத் தொடங்கினேன்.

வீடு தேடியதற்குக் காரணம் என் மனைவியின் முழங்கால்கள். ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் வீடு இரண்டாவது மாடியில் இருக்கிறது. கீழே வண்டி நிறுத்தும் இடம். லிஃப்ட் கிடையாது. கட்டியவர் லிஃப்டுக்கு என்று ஒரு குழி விட்டிருந்தார்; அதில் இப்போது பழைய சைக்கிள்கள் இருக்கின்றன. மொத்தம் முப்பத்தெட்டுப் படிகள். டாக்டர் படி ஏறக் கூடாது என்று சொன்னதிலிருந்து அவள் இறங்குவதையே நிறுத்திவிட்டாள். பால்கனியிலிருந்து கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் கூடையை இறக்கிக் கீரை வாங்குவாள். கீரைக்காரம்மாவுடன் இரண்டு மாடி உயரத்தில் பேரம் பேசுவாள். தெருவே கேட்கும்.

"ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு வூடு பாருங்க," என்றாள் ஒரு நாள். "பெருசா வேணாம். கதவத் தொறந்தா தரை இருக்கணும். அவ்ளோதான்."

அவ்வளவுதான் கோரிக்கை. இதைவிடச் சுருக்கமான மனுவை என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை.

முறைப்படி தொடங்கினேன். நிலம் என்றால் முதலில் வருவாய்க் கிராமத்தின் பெயர், பிறகு சர்வே எண். தேடும் பெட்டியில் நான் அறிந்த வருவாய்க் கிராமங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அடித்தேன். பெரும்பாலானவற்றுக்கு விடை பூஜ்யம். பட்டாவில் இருக்கும் பெயர் ஒன்று, விளம்பரத்தில் இருக்கும் பெயர் வேறு என்பது புரியவே ஒரு வாரம் ஆயிற்று. விற்கிறவர் தன் வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று எழுதுவதில்லை. அது எந்த ஊரில் இருந்தால் விற்குமோ அந்த ஊரை எழுதுகிறார். எல்லா வீடுகளும் ஒரகடம் சந்திப்பிலிருந்து பத்து நிமிடம். எந்த வாகனத்தில், எந்தக் கிழமையில், ஷிஃப்ட் பஸ்கள் எல்லாம் சேர்ந்து புறப்படாத எந்த நேரத்தில் என்ற விவரம் இல்லை.

எங்கள் மாடியிலேயே எதிர் வீட்டில் இருப்பவள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றில் லைன் சூப்பர்வைசர். கடந்த ஆண்டு தன் தம்பிக்கு மனை தேடிக் கொடுத்ததால் இந்த வித்தையில் தேறியவள். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, தூங்கப் போகும் முன் எங்கள் வீட்டில் ஒரு காபி குடிப்பாள். என் திரையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்ன சார் இப்படித் தேடுதீங்க? தரைத்தளம்னு டிக் போட்டிருக்கீங்களே, அத மொதல்ல எடுங்க."

"தரைத்தளம்தானே வேண்டும்?"

"வேணும். ஆனா தனி வீட்டை விக்கிறவன் அந்தக் கட்டத்தை ரொப்ப மாட்டான் சார். தனி வீடு தரையிலதான இருக்கும், அதுல போயி என்ன எழுதன்னு வெறுமனே விட்டுருவான். நீங்க டிக் போட்டா அந்த வீடு எல்லாம் ஓடிப் போயிரும். ஃப்ளாட்டுதான் மிஞ்சும்."

எடுத்தேன். அதுவரை ஒளிந்திருந்த வீடுகள் வரிசையாக வந்து நின்றன. மிகவும் வேண்டியதைக் குறிப்பிட்டுக் கேட்டால் அதுவே மறைந்துவிடும் ஓர் ஏற்பாட்டை அரசாங்கத்துக்கு வெளியே அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அவள் இன்னும் சிலவற்றைச் சொன்னாள். உரிமையாளர் என்று போட்டிருப்பவர்களில் பாதிப் பேர் தரகர்கள். ஒரே வீடு நான்கு ஊர்களில், நான்கு விலைகளில் இருக்கும். அதைப் பிடிக்க ஜன்னல் கம்பியைப் பார்க்க வேண்டும். பெயிண்ட்டை மாற்றலாம், பெயரை மாற்றலாம், கம்பியை யாரும் மாற்றுவதில்லை. "பழைய விளம்பரமா பாருங்க சார்," என்றாள். "புதுசுக்கு எல்லாவனும் ஓடுவான். மூணு மாசமா விக்காம கெடக்குற வீட்டுலதான் ஏதோ ஒரு கத இருக்கும்."

அந்தக் கதைதான் எனக்குப் பிடித்துப்போயிற்று. விளம்பர வாசகங்களை விட்டுவிட்டுப் படங்களைப் படிக்க ஆரம்பித்தேன். நாட்காட்டியைக் கழற்றாமல் படம் எடுப்பார்கள். விளம்பரம் இன்று போட்டதாக இருக்கும். சுவரில் தினசரி காலண்டர் இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதியில் கிழிக்கப்படாமல் தொங்கும். சமையலறையில் எட்டுக் குடங்கள் வரிசையாக நின்றால் குழாயில் தண்ணீர் வருவதில்லை என்று பொருள். பகலில் எடுத்த படத்தில் எல்லா விளக்குகளும் எரிந்தால் ஜன்னலைத் திறந்தாலும் பக்கத்து வீட்டுச் சுவர்தான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இவற்றைப் பார்ப்பேன். ஒரு நோட்டில் வரிசை எண் போட்டுக் குறித்துக்கொண்டேன். கோப்பு எண் போட்டீர்களா என்று மனைவி கேட்டாள். போட்டிருந்தேன்.

அப்படித்தான் வரிசை எண் முப்பத்தொன்று வந்தது. பிள்ளைப்பாக்கம் பக்கம், தனி வீடு, இரண்டு அறைகள், முன்னால் ஒரு வேப்பமரம். ஜன்னல் கம்பியில் எதிரெதிராக இரண்டு அன்னப்பறவைகள். மூன்று மாதத்துக்கும் மேலாக விற்காமல் இருந்தது. எங்கள் கைக்கு எட்டும் விலை. வாசலில் படி இல்லை. சாய்வாக ஒரு சிமெண்ட் தளம், அதன் ஓரமாக ஓர் இரும்புக் கம்பி. சாய்தளம் பைக் ஏற்றுவதற்கு என்று எழுதிக்கொண்டேன். கம்பிக்கு நேராக "காரணம் தெரியவில்லை" என்று எழுதினேன்.

உள்ளே போனால் ஒரு விசித்திரம். எல்லா வீடுகளிலும் தரையிலிருந்து ஒரு அடியில் இருக்கும் பிளக் பாயிண்ட்டுகள் இந்த வீட்டில் நாலடி உயரத்தில் இருந்தன. டிவிக்கு, ஃபிரிட்ஜுக்கு, கட்டிலோரம் கொசு மருந்து செருகுவதற்குக்கூட. கீழே இருந்த பழைய பெட்டிகளை மூடிப் பூசிய தடம் சுவரில் தெரிந்தது. சமையலறையில் மேடைக்குக் கீழே இருந்த அலமாரிகள் முழுவதும் காலி. மிக்ஸி, கிரைண்டர், அரிசி டிரம் எல்லாம் மேடைக்கு மேலே.

எனக்கு ஒரே விடைதான் தோன்றியது. தண்ணீர். வெள்ள நிவாரணப் பட்டியல் தயாரிக்க வீடு வீடாகப் போனவன் நான். ஒருமுறை தண்ணீர் உள்ளே வந்துபோன வீட்டில் அடுத்த ஆண்டு எல்லாமே இடுப்புக்கு மேலே ஏறியிருக்கும். இந்தப் பகுதியில் ஏரிகள் அதிகம். அவற்றுக்குத் தண்ணீர் போன வழிகளில் இப்போது காம்பவுண்டுச் சுவர்கள் இருக்கின்றன.

மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்று அதே படத்தைப் பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள்.

"யாருக்கோ குனிய முடியாதுங்க இந்த வூட்ல," என்றாள்.

"அது ஊகம்."

"நீங்க சொல்றது மட்டும் இன்னாவாம்?"

"அனுபவம்."

"உங்களுக்கு வெள்ளத்துல அனுபவம். எனக்கு முட்டில," என்றாள். நோட்டில் அதையும் எழுதினேன், "மனைவியின் ஊகம்" என்று தனியாக.

மறுநாள் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலுமாகப் போய் வீட்டை வெளியிலிருந்து பார்த்தேன். பூட்டியிருந்தது. வெளிச்சுவரில் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள், தண்ணீர்த் தடம் இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. தெருவின் ஒரு பக்கம் கத்திரிக்காய் வயல். மறு பக்கம் ஒரே மாதிரியான நான்கு மாடிக் கட்டடங்கள், ஒவ்வொரு பால்கனியிலும் ஒரே நிறத்தில் தொழிற்சாலைச் சட்டைகள் காய்ந்தன. மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் நிற்குமா என்று முனைக் கடைக்காரரைக் கேட்டேன்.

"நான் தை மாசம் தான் சார் கட போட்டேன்," என்றார். "இந்தப் புள்ளைங்களும் அப்பதான் வந்துச்சுங்க. அதுக்கு முன்னாடி இருந்தவங்க வேற கம்பெனிக்குப் பூட்டாங்க."

இரண்டு பேரைக் கேட்டேன், மூன்று பேரைக் கேட்டேன். அந்தத் தெருவில் ஒரு முழு மழைக்காலத்தைப் பார்த்த ஆள் எனக்குக் கிடைக்கவில்லை. சாட்சி இல்லாத இடத்தில் எழுத்துதான் வழி.

அன்று மாலையே கடிதத்தை எழுதினேன். பொருள்: வீடு விற்பனை – சில விவரங்கள் கோருதல் – தொடர்பாக. பார்வை: தங்கள் விளம்பர எண் இன்னது. பட்டா யார் பெயரில், உட்பிரிவு ஆகியுள்ளதா, பாதை பொதுப்பாதையா என்று ஐந்து கேள்விகள். ஆறாவது: "மேற்படி இல்லத்தின் மின் இணைப்புப் புள்ளிகள் சுமார் நான்கடி உயரத்துக்கு மாற்றப்பட்டதற்கான காரணத்தைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது." ஏழாவது, சாய்தளத்தின் ஓரக் கம்பி பற்றி. அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

அதற்குப் பிறகு என் தொலைபேசிக்கு அழைப்புகள் வந்தபடியே இருந்தன. வண்டலூரில் வில்லா வேண்டுமா என்றார்கள், கடன் வேண்டுமா என்றார்கள், ஒரு பெண் குரல் பதிவு எனக்கு வாழ்த்தே சொன்னது. முப்பத்தொன்றாம் எண் வீட்டிலிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. ஐந்தாம் நாள் விளம்பரமே காணாமல் போயிற்று.

"வித்துட்டாங்க," என்றாள் மனைவி. அன்று கூடையை இறக்கவில்லை. கீரைக்காரம்மா கீழிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நான் தொடர்ந்து தேடினேன். நோட்டில் வரிசை எண் அறுபதைத் தாண்டியது. ஆனி முடிந்து ஆடி பிறந்தது. ஒரு காலையில் எதிர் வீட்டுப் பெண் யூனிஃபார்ம்கூட மாற்றாமல் உள்ளே வந்தாள்.

"சார், இந்த அன்னத்தப் பாருங்க."

அவள் தொலைபேசியில் அதே ஜன்னல், அதே இரண்டு பறவைகள். வீடு இப்போது சுங்குவார்சத்திரத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. விளம்பரத்தின் கடைசி வரி புதியது: "வக்கீல், அரசு அதிகாரிகள் தொடர்பு கொள்ள வேண்டாம்."

அந்த வரியை மூன்று முறை படித்தேன். பிறகு அதில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். மனைவியும் கேட்கட்டும் என்று எதிர் வீட்டுப் பெண் ஸ்பீக்கரில் போட்டாள்.

"பிள்ளைப்பாக்கம் வீடு விஷயமாகப் பேசுகிறேன்."

"அது சுங்குவார்சத்திரம் சார்."

"ஜன்னலில் இரண்டு அன்னம். பிள்ளைப்பாக்கம்."

"யாரு சார் பேசுறது?"

"ஏழு கேள்வி அனுப்பியவன்."

"ஐயய்யே! நோட்டீஸ் உட்டது நீங்கதானா சார்?" என்றார் தரகர். "பொருள்னு போட்டுகீது, பார்வைன்னு போட்டுகீது. கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து ஏதோ கேஸ் வந்துகீதுன்னு பேஜாராயிட்டேன். பார்ட்னர் கைல காட்னா, மொதல்ல வெளம்பரத்தத் தூக்குடா, ரெண்டு மாசம் கம்முனு இருன்னு சொல்லிட்டான்."

"நான் வீடு வாங்க வந்தவன்."

"வூடு வாங்குறவன் எவன் சார் 'கேட்டுக்கொள்ளப்படுகிறது'ன்னு எழுதுவான்? 'லாஸ்ட் இன்னா'ன்னு கேப்பான். ரெண்டே வார்த்தை சார்."

எதிர் வீட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. மனைவி சிரிக்கவில்லை. "ஆறாவது கேள்வியக் கேளுங்க," என்றாள்.

கேட்டேன்.

"பாயிண்ட்டா? மேல இருந்தா நல்லதுதானே சார், கொயந்தைங்க கை வெக்காது."

"அந்த வீட்டில் குழந்தைகள் இருந்தார்களா?"

"இல்ல... வாஸ்து சார், வாஸ்து."

"ஒரு நிமிடத்தில் இரண்டு காரணம் சொல்லிவிட்டீர்கள்."

"எனக்கு இன்னா சார் தெரியும்? ஓனரைத்தான் கேக்கணும். அவரு மறைமலை நகர்ல பொண்ணு வூட்ல கீறாரு. போன் போட்டாலும் பேச முடியாது, காது கேக்காது."

"அப்படியானால் என் கடிதத்தை அச்செடுத்து அவர் கையில் கொடுங்கள்."

தரகர் பெருமூச்சு விட்டார். "குடுக்குறேன். ஆனா சீக்கிரம் சொல்லுங்க சார். லேபர் காண்ட்ராக்டர் ஒர்த்தரு பதினாலு பேரத் தங்க வெக்கக் கேட்டுகினு கீறாரு. ஆடில அட்வான்ஸ் குடுக்க மாட்டேன்னு நிக்கிறாரு, அதனால தப்பிச்சுது. ஆவணி ஒண்ணாந்தேதி வந்து நிப்பாரு."

போனை வைத்ததும் மனைவி கேட்டாள்: "நாம ஆடிலயே குடுத்துட்டா?"

"பதில் வரட்டும்."

"வரலன்னா?"

"எழுத்தில் வராமல் எப்படி?"

"மழை வருஷத்துல ஒரு மாசம். தண்ணி வந்தா கட்டில் மேல ஏறிக் குந்திக்கிறேன். இந்தப் படி தெனமும் இருக்குது," என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதில் சொல்வது சுலபம்.

நான் சொல்லாதது ஒன்று உண்டு. நிவாரணப் பணியில் ஒரு தெருவில், நடக்க முடியாத ஒரு பெண்மணியைக் கதவுப் பலகையில் வைத்து நான்கு பேர் தூக்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன். நான்கு பேரும் வலுவானவர்கள். எனக்கு அறுபத்தெட்டு வயது. ஒரு சிலிண்டரை நகர்த்த இரண்டு முறை நின்று மூச்சு வாங்குகிறேன். தண்ணீர் வருமென்றால் முப்பத்தெட்டுப் படிகளே மேல் என்று நினைத்தேன். அதை அவளிடம் சொல்லும் வழி தெரியாமல்தான் எழுத்தில் வரட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆடி நகர்ந்தது. ஊர்க் கோயில்களில் கூழ் ஊற்றினார்கள். ஒலிபெருக்கி எங்கள் மாடி வரை வந்தது, அவளால்தான் அங்கே போக முடியவில்லை. தரகருக்கு இரண்டு முறை நினைவூட்டினேன். கடிதத்தைக் கொடுத்துவிட்டதாகவும், பெரியவர் அதைப் படித்துவிட்டு ஒரு வெள்ளைத்தாள் கேட்டதாகவும் சொன்னார். "உங்கள மாதிரியே ஒர்த்தரு சார் அவரும்," என்றார். அது பாராட்டாகத் தெரியவில்லை.

பதில் கூடையில் வந்தது. கீழே கீரைக்காரம்மாவும் தபால்காரரும் ஒரே நேரத்தில் நின்றிருக்கிறார்கள். மாடி ஏற மனமில்லாத தபால்காரர், முருங்கைக்கீரைக் கட்டுக்கு நடுவே உறையைச் செருகி அனுப்பிவிட்டார். விதிப்படி அது தவறு. நான் உறையைப் பிரித்தேன்.

கோடு போட்ட முழுத்தாள், நீல மை, நேரான கையெழுத்து. அரசுப் பள்ளி அலுவலகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பெயருக்குக் கீழே எழுதியிருந்தார். பொருள் இருந்தது, பார்வை இருந்தது. முதல் பத்தி இது:

"பார்வையில் காணும் தங்கள் கடிதத்தில் நாள் குறிப்பிடப்படவில்லை. எனவே இப்பதில் எத்தனை நாள் தாமதம் எனக் கணக்கிட இயலவில்லை. தாமதத்துக்கு வருத்தம் தெரிவிப்பதும் அதனால் இயலவில்லை."

உண்மைதான். இணையதளமே தேதி போட்டுக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். அச்செடுத்தபோது அது வரவில்லை. எத்தனையோ மனுக்களை இதே குறைக்காக நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"ஆறாவத மட்டும் படிங்க," என்றாள் மனைவி.

படித்தேன். "கேள்வி 6 மற்றும் 7-க்குச் சேர்த்துப் பதில். எனக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை ஆனது முதல் குனிய இயலாது. ஆதலால் புள்ளிகள் உயர்த்தப்பட்டன, படிகள் நீக்கப்பட்டன, கம்பி பொருத்தப்பட்டது. தாங்கள் கேட்க நினைத்துக் கேட்காத கேள்விக்கும் பதில்: பெருமழையில் தெருவில் கணுக்கால் அளவு நீர் நிற்கும். இருபத்திரண்டு ஆண்டுகளில் வீட்டுக்குள் வந்ததில்லை. காண்ட்ராக்டர் ஒருவர் புள்ளிகளைப் பழையபடி கீழே இறக்கப் போவதாகச் சொல்கிறார். தங்களுக்கும் அந்த எண்ணம் உண்டா என்பதைத் தெரிவிக்கவும்."

நிமிர்ந்தபோது மனைவி அங்கே இல்லை. வாசல் கதவு திறந்திருந்தது. செருப்பு மாட்டும் சத்தமும், எதிர் வீட்டுக் கதவைத் தட்டும் சத்தமும் கேட்டன.

"தூங்குறியாம்மா? எழுந்திரு. மறைமலை நகர் வரைக்கும் ஒரு ஆட்டோ சொல்லு."

"அம்மா, எறங்கவா போறீங்க? இருங்க, நான் பிடிக்கேன்!"

"நீ கீழ நில்லு, போதும். இன்னாங்க, அங்கயே குந்திகினு கீறீங்க? நம்மள மாதிரியே அந்தாளும் பதிலுக்கு ரெண்டு மாசம் காத்துகினு இருக்கணுமா?"

சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து இறங்கினாள். படிகளை உரக்க எண்ணினாள். அவள் ஒன்பது என்று சொன்னபோது நான் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். பதினாறு என்றபோது கிடைத்தது. தாளின் இடது ஓரத்தில், வழக்கமாக எழுதும் இடத்தில் எழுதினேன்: பெறப்பட்டது, ஆடி 29, வியாழக்கிழமை.